மஞ்சள் கயிறு

என் கழுத்தில் பதினொரு வருஷம் நீலக் கயிறு தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்.ஆர். பெண் அதைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, நாலு இடத்தில் கையெழுத்தும் வாங்கினார். திங்கட்கிழமை காலை அதே கண்ணாடிக் கட்டடம், அதே மூன்றாவது மாடி, அதே நாற்காலி. இடது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்திருக்கும். கிழித்தது நான்தான், போன வருஷம் ஒரு ராத்திரி டெலிவரி சமயத்தில். எல்லாம் அப்படியே இருக்க, கயிறு மட்டும் மஞ்சளாகிவிட்டது. நீலம் என்றால் ஊழியர். மஞ்சள் என்றால் கான்ட்ராக்டர்.

மஞ்சள் கயிறு ஏறினால் உறவு ஏழேழு ஜென்மத்துக்கு என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இது முப்பது நாள் நோட்டீஸில் இறங்குகிற கயிறு.

"கங்கிராட்ஸ் சார், இனிமே நீங்க ஆன்ட்ரப்ரனர்" என்றார் அந்தப் பெண். குழந்தை, அதற்கென்ன தெரியும். மந்தைவெளி வீட்டுக்கு வந்து மனைவியிடம் செய்தியைச் சொன்னேன். "தொழிலதிபர் கொஞ்சம் ரேஷன் கடை வரைக்கும் போயிட்டு வாங்க, பாமாயில் வந்திருக்காம்" என்றாள்.

வேலை மாறவில்லை. காலை ஒன்பதரை மீட்டிங் மாறவில்லை. லீவு வேண்டுமென்றால் அதே மேனேஜரிடம்தான் கெஞ்ச வேண்டும். ஒரே வித்தியாசம், லீவு கிடைத்தால் அன்றைய காசு கிடைக்காது. பி.எஃப். போயிற்று, கிராஜுவிட்டி போயிற்று. தீபாவளிக்கு முந்தின நாள் ஸ்வீட் பாக்ஸ் தள்ளிக்கொண்டு வந்த பையன் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, மேஜையைத் தாண்டிப் போனான். அதற்கு நான் வருத்தப்படவில்லை, எனக்கு சுகர் இருக்கிறது. ஆனால் 'சம்பளம்' என்ற சொல்லே என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. இனிமேல் மாதக் கடைசியில் நான் 'பில்' போட வேண்டும்.

இந்தக் கயிற்றுக்கு சட்டம் செய்கிற மரியாதையைச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஊழியர் தன் முதலாளிக்குச் செய்யும் வேலை வரிக்குரிய சேவையே அல்ல என்று அதன் முதல் அயிட்டமே சொல்கிறது. அதே ஆள், அதே நாற்காலியில், அதே தப்பை, மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்து திருத்தினால் அது சேவை. வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவிகிதம். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடம் நேருக்கு நேர் கேட்டாரே, நினைவிருக்கிறதா? பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவிகிதம், க்ரீமைத் தனியாகக் கொடு நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார் வாடிக்கையாளர் என்று. அரங்கமே சிரித்தது. இரண்டொரு நாளில் அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் கேள்வி அவருடையதைவிடச் சின்னது. நானும் அந்த பன்தான். வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் எனக்குள் யார் க்ரீம் வைத்தார்கள்?

பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யைச் சீர்திருத்தினார்கள். சோப்பு இறங்கியது, ஷாம்பு இறங்கியது, சலூன் 18லிருந்து 5க்கு வந்தது. நான் அதே 18தான். தலைமுடி வெட்டினால் 5. தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு செய்கிற வேலைக்கு 18.

ஆடிட்டர் சார் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிப்பதில்லை. தெற்கு மாட வீதியில் ஓர் அப்பளக் கடைக்கு மேலே அவர் ஆபீஸ். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம், அப்படிப்பட்ட மாடிப்படி. கட்சிக்காரர் உட்கார ஒரு ஸ்டூல், அதற்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டப் புத்தகம். 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம். 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கிவிட்டோம் என்று அரசு பெருமைப்படுகிறது. ரிட்டயரான புத்தகத்துக்கு ஸ்டூல் அடியில் வேலை கிடைத்துவிட்டது. பர்மனென்ட் வேலை.

"மாசம் பில் எவ்வளவு?"

"1,80,000 சார்."

"அதுக்கு மேல 18 பர்சென்ட், 32,400. அது உங்க பணமில்ல, புரியறதா? கம்பெனி உங்ககிட்ட குடுக்கும், நீங்க கவர்மென்ட்ல கட்டணும். போஸ்ட்மேன் மாதிரி."

"கம்பெனி எப்ப சார் குடுக்கும்?"

"அக்ரிமென்ட்ல தொண்ணூறு நாள்னு போட்டிருக்காளே."

"நான் எப்ப கட்டணும்?"

"மறு மாசம் 20ஆம் தேதி."

மணியார்டரைத் தன் கைக்காசில் பட்டுவாடா செய்துவிட்டு, அனுப்பியவர் வீட்டு வாசலில் மூன்று மாதம் போய் நிற்கிற போஸ்ட்மேனை நான் மயிலாப்பூரில் பார்த்ததில்லை. ஜூன் பில்லுக்கு ஜூலை 20, ஜூலை பில்லுக்கு ஆகஸ்ட் 20, ஆகஸ்ட் பில்லுக்கு செப்டம்பர் 20. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், கைக்கு வராத பணத்துக்காகக் கையிலிருந்து போனது 97,200 ரூபாய். லேப்டாப்புக்கும் போன் பில்லுக்கும் நான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். கழித்தால் தலைவலி மாத்திரைக்கு ஆகும்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் இந்த 97,200 இல்லை. என் பில்லைக் கணக்கில் ஏற்றிய கையோடு, எனக்குப் பத்து பைசா தராமலே, நான் கட்டிய அந்த 32,400ஐ வரவாகக் காட்டி கம்பெனி தன் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். சட்டப்படி. 180 நாளாகியும் எனக்குப் பணம் தரவில்லையென்றால்தான் அதைத் திருப்பி வைக்க வேண்டும். என் பணத்தில் நான் வரி கட்டுகிறேன். அதைக் காட்டி அவர்கள் வரி கட்டாமல் இருக்கிறார்கள். எனக்கோ ஒரு நாள் தவறினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் பீஸ், அதற்கு மேல் வருஷத்துக்கு 18 சதவிகித வட்டி. அடகுக் கடைக்காரர்கூட கையில் மூக்குத்தியைக் கொடுத்த பிறகுதான் வட்டி பேசுவார். இங்கே மூக்குத்தியும் என்னுடையது, வட்டியும் என்னுடையது, கடன் வாங்கியவர் மட்டும் வேறு.

"உத்யம்ல பதிஞ்சுக்கோங்கோ. சின்ன நிறுவனத்துக்கு 45 நாளைக்குள்ள பணம் குடுத்தாகணும், 2006லயே சட்டம் இருக்கு" என்றார் ஆடிட்டர் சார்.

"பதிஞ்சாச்சு சார். சர்டிபிகேட்ட கம்பெனில காட்டினேன்."

"என்ன சொன்னா?"

"என் கான்ட்ராக்ட் ரின்யூவல் என்னிக்குன்னு ஞாபகப்படுத்தினாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

அடுத்தது டி.டி.எஸ். பழைய சட்டத்தில் 194ஜே பிரிவு. பணம் என் கைக்கு வருமுன்பே கம்பெனி அதில் 10 சதவிகிதத்தைப் பிடித்து அரசுக்கு அனுப்பிவிட வேண்டும். மாதம் 18,000. வருஷத்துக்கு 2,16,000. சரி, என் உண்மையான வரி எவ்வளவு? இங்கே நான் நியாயமாகப் பேச வேண்டும். பழைய சட்டத்தில் 2016ல் கொண்டுவந்த 44ஏடிஏ என்ற பிரிவு என் போன்றவர்களின் வரவில் பாதியைச் செலவென்று ஒப்புக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கேட்கிறது. என் வருஷ வரவு 21,60,000. பாதி 10,80,000. 2025-26 கணக்கில், புதிய முறையில், 12 லட்சம் வரை தள்ளுபடி. ஆக நான் கட்ட வேண்டிய வருமான வரி சைபர். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. அந்த சைபருக்கு முன்பணமாகத்தான் 2,16,000 பிடித்து வைத்திருக்கிறார்கள்.

திருப்பித் தருவார்கள். வட்டியோடு தருவார்கள். மாதம் அரை சதவிகிதம். நான் அரசுக்கு பாக்கி வைத்தால் மாதம் ஒரு சதவிகிதம். ரூபாய் ஒன்றுதான், அவர்கள் பெட்டியில் இருக்கும்போது அரைத் தூக்கத்தில் இருக்கிறது, என் பெட்டிக்கு வந்ததும் ஓட ஆரம்பிக்கிறது. அந்த அரை சதவிகிதமும் அடுத்த ஏப்ரல் 1லிருந்துதான். இந்த ஏப்ரலில் பிடித்த 18,000 அடுத்த ஏப்ரல் வரை வட்டியில்லாக் கைமாற்று. மாமனாரிடம்கூட இவ்வளவு காலத்துக்கு யாரும் சும்மா கேட்டதில்லை.

"பழைய சட்டத்துல 197னு இருந்ததே, அதுபடி அப்ளை பண்ணலாம், பிடிக்காதீங்கோன்னு சர்டிபிகேட் குடுப்பா" என்றார் ஆடிட்டர் சார். வரி இல்லாதவன் தனக்கு வரி இல்லை என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர் வருஷா வருஷம் போய் நிற்பது போல.

முன்பொரு சமயம், வெளிவேலை ஒன்று கொடுத்த, நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு வாடிக்கையாளர், என் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டிவிட்டார். பிடித்த பணம் பிடித்ததுதான். எங்கோ முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வந்தது நோட்டீஸ்: வரி பாக்கி, வட்டியும் சேர்த்துக் கட்டவும். பிடித்தம் செய்த வரியை மறுபடி அவரிடமே கேட்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 205ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் சொன்னது. அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தப்புச் செய்த கணக்காளருக்கு ஏழு தடவை போன் செய்தேன். "திருத்தி ரிட்டர்ன் போடணும் சார், குவார்ட்டர் எண்ட்ல பாக்கலாம்" என்றார். ஒரு எழுத்தை மாற்றுவதற்கு எட்டு மாதமானது. அந்த எட்டு மாதமும் அந்த முகம் தெரியாதவர் என் பணத்தைத் தன் பக்கத்தில் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன். பெருமாள் புண்ணியம் என்று நினைத்திருப்பார்.

வருமான வரியில் பழைய முறையா, புதிய முறையா என்ற கேள்வி வேறு. சம்பளக்காரர் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போனால், அங்கிருந்து ஒரே ஒரு முறைதான் திரும்பி வரலாம். வந்தபின் தொழிலை மூடினால் தவிரப் பழையதற்குப் போக வழியில்லை. மஞ்சள் கயிறு என்று சும்மாவா சொன்னேன்? நிஜக் கயிற்றுக்காவது குடும்ப நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது.

தொழில் வரியை மறந்துவிட்டேனே. அதை மறக்க மாநகராட்சி விடாது. தொழில் செய்கிறாயா, அதற்கு ஒரு வரி. சம்பளக்காரருக்குக் கம்பெனி பிடித்துக் கட்டிவிடும். நான் தேடிப்போய்க் கட்ட வேண்டும். அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250. அதற்கு மேல் படியே கிடையாது. அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு வருஷத்துக்கு 2,500க்கு மேல் கூடாது என்று 1988ல் போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் மாதம் பதின்மூன்றாயிரத்துக்குப் புடவை பிரித்துக் காட்டுகிற பெண்ணுக்கும் 1,250. போட் கிளப் ரோட்டில் நாய்க்குத் தனி ஏ.சி. வைத்திருக்கிற கோடீஸ்வரருக்கும் 1,250. கடைகளில் அந்தப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021ல்தான். தொழில் வரிக்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே அவர்களைக் கோடீஸ்வரர் பக்கத்தில் சரிசமமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

2024ல் சென்னை மாநகராட்சி இந்த வரியை ஏற்றியது. யாருக்கு? அரையாண்டுக்கு 21,000 முதல் 60,000 வரை சம்பாதிக்கிற மூன்று படிகளுக்கு. 135 என்பது 180. 315 என்பது 430. 690 என்பது 930. மேல் படிகள் அசையவில்லை. மேலே பூட்டு இருக்கிறது, கீழே இருப்பவர் தலை காலியாக இருக்கிறது. கைக்கு எட்டிய தலையில் குட்டுவதுதானே சௌகரியம்.

வருமான வரியை எதிர்த்து வேலையே போன ஒருவர் இந்த ஊரில் இருந்தார் என்றால் நம்புவீர்களா? கான்ட்ராக்டர் இல்லை, கவர்னர். 1860ல் கல்கத்தாவிலிருந்து ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். 'எக்கானமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்தான். சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யான் இது ஆகாது என்று குறிப்பெழுதி, எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்பி வா என்று கூப்பிட்டுக்கொண்டது. ஐரிஷ் பஞ்சத்தில் அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் மாலை போட மனம் வராது. இந்த ஒரு விஷயத்தில் போடலாம். அவர் சென்னைக்கு வைத்துவிட்டுப் போனது பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்கா. அந்த நிலத்தில்தான் பிறகு ரிப்பன் மாளிகை எழுந்தது. என் தொழில் வரி போய்ச் சேருகிற இடம் அதுதான்.

பிரிட்டனிலும் இந்த வேஷம் உண்டு. கம்பெனி வேலையையே வெளியாள் போலச் செய்கிறவர்களைப் பிடிக்க 2000ல் ஒரு விதி போட்டார்கள். முந்தின வருஷப் பத்திரிகைக் குறிப்பின் எண்ணை வைத்து ஐ.ஆர். 35 என்று பெயர். நீ நிஜமாகவே கான்ட்ராக்டரா, ஊழியரே வேஷம் கட்டி வருகிறாரா என்று அது நோண்டி நோண்டிக் கேட்கிறது. அங்குள்ள கான்ட்ராக்டர்கள் அதைத் திட்டாத நாளில்லை. எனக்கு அந்தத் திட்டைக் கேட்டாலே பொறாமையாக இருக்கிறது. அங்கே வேஷம் கட்டுவதாக ஆளைச் சந்தேகப்படுகிறார்கள். இங்கே வேஷத்தைக் கம்பெனி கட்டிவிடுகிறது, மேக்கப் செலவு என்னுடையது, டிக்கெட் கிழித்து வரி வாங்க அரசு வாசலிலேயே நிற்கிறது. நீ ஊழியர்தானே என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்கட்டுமே.

2019 ஜூலை 5. நிதியமைச்சர் பட்ஜெட் உரையில் பிசிராந்தையாரை நினைவுகூர்ந்தார். புறநானூற்று யானைக் கதை, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: அளந்து கவளம் கொடுத்தால் சின்ன வயல் யானைக்குப் பல நாள் தாங்கும், யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். தமிழன் என்ற முறையில் எனக்குப் புல்லரித்தது. அப்போது நான் நீலக் கயிறு. அந்த செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனிகளின் வரியை 30லிருந்து 22க்கு இறக்கினார்கள். வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம் என்று அரசே கணக்குச் சொன்னது. இரண்டரை மாதத்தில் விளங்கிவிட்டது. கம்பெனிகளுக்குப் பிசிராந்தையார். எனக்கு யானை.

ஆனால் ஒன்று, நான் கேட்பது விட்டுக்கொடுப்பு அல்ல. 18ஐ 5 ஆக்கச் சொல்லவில்லை. பழைய சேவை வரி இருந்த காலத்தில், வருஷத்துக்கு 50 லட்சத்துக்குள் தொழில் செய்கிற தனியாட்கள், பில் போட்டதும் என்றில்லாமல், பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டினால் போதும் என்று ஒரு விதி இருந்தது. 2017 ஜூலை 1, நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விளக்குப் போட்டு ஜி.எஸ்.டி.யை வரவேற்றார்களே, அந்த ராத்திரியோடு அது போயிற்று. அதைத் திருப்பிக் கொடுங்கள். வந்த பணத்துக்கு வந்த அன்றே கட்டுகிறேன். வராத பணத்துக்கு, வராமல் வைத்திருக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். அவருக்கும் ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறது. முகவரியும் உங்களிடம் இருக்கிறது. என் நாற்காலிக்கு நேர் மேலே, ஏழாவது மாடி.

இன்று 20ஆம் தேதி. போன மாத பில்லுக்கான 32,400ஐ வாடகைக்கு எடுத்து வைத்ததிலிருந்து கட்டிவிட்டேன். பில் இன்னும் கம்பெனியில் 'அப்ரூவல் பெண்டிங்'.